சின்ன வயதில் வீசிங் வந்தவர் போர் விமானி ஆக முடியுமா?

விமானப்படைத் தேர்வுக்குப் போகிறவர்களிடம் ஒரு படிவத்தைக் கொடுப்பார்கள். இதுவரை என்னென்ன நோய் வந்தது என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். வலிப்பு, மயக்கம், காசநோய் எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் 'இல்லை' போட்டுக்கொண்டே வருகிறவர், 'ஆஸ்துமா அல்லது வீசிங்' என்ற வரி வந்ததும் பேனாவை நிறுத்திவிடுவார். நான்கு வயதில் இரண்டு மூன்று தடவை நெபுலைசர் வைத்ததாக அம்மா சொல்லியிருப்பார். அதன்பிறகு ஒன்றுமில்லை. பள்ளியில் ஓட்டப்பந்தயம் எல்லாம் ஓடியாகிவிட்டது. இப்போது என்ன எழுதுவது?

இதற்கு ஒற்றை வரிப் பதில் கிடையாது. நாட்டுக்கு நாடு விதி மாறும், ஒரே நாட்டிலும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். ஆனால் எந்த நாட்டு மருத்துவக் குழுவாக இருந்தாலும் சுற்றிச்சுற்றி மூன்று விஷயங்களைத்தான் துருவும். வந்தது ஆஸ்துமாதானா? கடைசியாக எந்த வயதில் வந்தது? இன்றைக்கு அந்த மூச்சுக்குழாய்கள் எப்படி நடந்துகொள்கின்றன? விதிப்புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கின்றன. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் கனமானது. ஏன் என்று பார்க்க, நுரையீரலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆஸ்துமா என்பது

மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நாள்பட்ட அழற்சி இருக்கும். அதனால் அவை தொட்டாற்சுருங்கி மாதிரி ஆகிவிடுகின்றன. தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல், சிலருக்கு வெறும் ஓட்டம் என்று மற்றவர்களை ஒன்றும் செய்யாத ஒரு சிறு தூண்டலுக்கே குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி கூடும். காற்றுப்பாதை குறுகிவிடும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் அப்போது பெரும்பாடு. விசில் போன்ற சத்தம் வருவதும் பெரும்பாலும் மூச்சை விடும்போதுதான்.

கவனிக்க வேண்டியது, இது வந்து போகும் நோய் என்பதை. தாக்குதல் இல்லாத நாளில் ஆஸ்துமாக்காரரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் எதுவும் கேட்காது, எக்ஸ்ரே எடுத்தாலும் சுத்தமாக இருக்கும். 'டாக்டர் செக் பண்ணிட்டு ஒண்ணுமில்லேனு சொல்லிட்டார்' என்று ஒருவர் சொல்வதை மருத்துவக் குழு அப்படியே ஏற்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வீசிங் வந்த எல்லாருக்கும் ஆஸ்துமா இல்லை

கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகச் சிறியது. ஒரு குழாயின் ஆரம் பாதியானால், சீரான ஓட்டத்துக்கு அதில் ஏற்படும் தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும். பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகலோடு போகிற ஒரு வைரஸ், குழந்தையின் குழாயில் கொஞ்சம் வீக்கத்தையும் கொஞ்சம் சளியையும் உண்டாக்கினாலே போதும், நெஞ்சு கீச்சிடத் தொடங்கிவிடும். குழந்தை வளர வளரக் குழாயும் அகலமாகும், அந்தத் தொல்லையும் தானாகவே ஓய்ந்துபோகும்.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் 1980-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, பிறந்த குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தது. 1995-இல் வெளிவந்த அதன் கணக்குப்படி, சுமார் 20 சதவீதக் குழந்தைகளுக்கு மூன்று வயதுக்குள் வீசிங் வந்து ஆறு வயதில் இல்லாமல் போயிருந்தது. 14 சதவீதம் பேருக்கு அப்போதும் வந்தது, ஆறு வயதிலும் தொடர்ந்தது. இன்னும் 15 சதவீதம் பேருக்கு மூன்று வயதுவரை ஒன்றுமில்லாமல் இருந்து பிறகு ஆரம்பித்திருந்தது. மீதிப் பாதிப்பேருக்கு எப்போதுமே வரவில்லை. சின்னக் குழந்தையாக இருந்தபோது வீசிங் வந்தவர்களில் ஐந்தில் மூன்று பேருக்கு அது ஆறு வயதுக்குள் போய்விட்டது என்று இதைப் படிக்கலாம். அப்படிப் போனவர்களிடம் ஒவ்வாமையின் அடையாளங்கள் அதிகம் இல்லை. பிறக்கும்போதே மூச்சுக்குழாய்கள் சற்றுக் குறுகலாக இருந்ததும், தாயின் புகைப்பழக்கமும்தான் அவர்களிடம் தென்பட்டன.

இங்கே வரைக்கும் கேட்டால் நல்ல செய்தி. 'அது ஆஸ்துமா இல்லை, வளர்ந்ததும் போய்விட்டது' என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால் இன்னொரு ஆய்வு இருக்கிறது, மருத்துவக் குழுவின் தயக்கம் அதைப் படித்தால்தான் புரியும்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-இல் பிறந்தவர்களை அங்குள்ள ஆய்வாளர்கள் இன்றும் பின்தொடர்ந்து வருகிறார்கள். அவர்களது 26 வயது வரையிலான வீசிங் வரலாறு 2003-இல் வெளியானது. 14.5 சதவீதம் பேருக்குச் சிறுவயதில் வந்த வீசிங் 26 வயதுவரை விடவே இல்லை. 12.4 சதவீதம் பேருக்கு அது நின்றது. நின்று, மறுபடி வந்தது. அதாவது 'போய்விட்டது' என்று நினைத்திருந்தவர்களிலேயே ஒரு பெரும்பகுதிக்கு இருபதுகளின் நடுவில் திரும்பி வந்திருக்கிறது. போர் விமானி பயிற்சி முடித்துப் படைப்பிரிவில் சேரும் வயதும் ஏறத்தாழ அதேதான்.

யாருக்குத் தொடர்ந்தது, யாருக்குத் திரும்பியது என்றும் அந்த ஆய்வு பார்த்தது. வீட்டுத் தூசிப்பூச்சிக்கு ஒவ்வாமை இருந்தவர்கள், சோதனையில் மூச்சுக்குழாய் சீண்டலுக்கு அதிகமாகச் சுருங்கியவர்கள், மிக இளவயதில் ஆரம்பித்தவர்கள், 21 வயதில் புகைபிடித்தவர்கள், இவர்களுக்கெல்லாம் வாய்ப்பு கூடுதல். ஆண்களைவிடப் பெண்களுக்கும் கொஞ்சம் கூடுதல். இந்தப் பட்டியலில் இரண்டாவதாகச் சொன்ன குழாயின் சுருங்கும் குணம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் அளந்து பார்க்க முடியும். மூன்றாவது கேள்விதான் கனமானது என்று சொன்னேனே, அதற்கு இதுதான் ஆதாரம்.

விமானம் நெஞ்சை என்ன செய்கிறது

'மாரத்தான் ஓடும் ஆஸ்துமாக்காரர் இருக்கிறார், ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள்கூட இருக்கிறார்கள். விமானி உட்கார்ந்துகொண்டுதானே இருக்கிறார்?' என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். போர் விமானத்தில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட காரியம் என்று தெரிந்தால் பதில் கிடைத்துவிடும்.

விமானம் கூர்மையாகத் திரும்பும்போது உடலின் எடை பல மடங்காகக் கூடும். நவீனப் போர் விமானங்களில் இது 9 ஜி வரை, அதாவது சாதாரண எடையின் 9 மடங்கு வரை போகும். தலையும் ஹெல்மெட்டும் முகமூடியும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த நொடிகளில் கழுத்து 54 கிலோவைத் தாங்குகிறது. நெஞ்சுக்கூட்டுக்கும் அதே கதிதான். ரத்தம் தலையிலிருந்து கால் பக்கம் இறங்கப் பார்க்கும், இறங்கினால் கண் இருட்டி நினைவு தப்பும். அதைத் தடுக்க விமானி கால், தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கி, மூச்சை அடைத்து நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறார். கூடவே, அவர் போட்டிருக்கும் ஜி-சூட் காற்றால் உப்பி வயிற்றையும் காலையும் நெருக்கும்.

மூச்சை அடைத்துக்கொண்டே இருக்கவும் முடியாது. ஏறத்தாழ மூன்று நொடிக்கு ஒருமுறை, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குள் சட்டென்று காற்றை விட்டு, சட்டென்று இழுத்து, மறுபடி அடைக்க வேண்டும். தாமதித்தால் நெஞ்சின் அழுத்தம் விழும், அதோடு தலைக்குப் போகும் ரத்தமும் குறையும். ஆஸ்துமாவில் எது கெட்டுப்போகிறது என்று மேலே பார்த்தோம்: காற்றை வேகமாக வெளியே விடுவது. மாரத்தான் ஓட்டக்காரர் மூச்சு வாங்கினால் நடக்கலாம், ஓரமாக உட்காரலாம், பையிலிருந்து இன்ஹேலரை எடுக்கலாம். இங்கே முகமூடியைக் கழற்றி ஒரு பஃப் இழுக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஒற்றை இருக்கை விமானம் என்றால் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஆளும் இல்லை.

இன்னொரு சங்கதி, இது விமான மருத்துவம் படிப்பவர்களுக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஜி விசையில் நுரையீரலின் அடிப்பாகம் அமுங்குகிறது, அங்குள்ள நுண்ணிய காற்றுவழிகள் மூடிக்கொள்கின்றன. மூடிய வழிக்குப் பின்னால் சாதாரணக் காற்று இருந்தால் அதிலுள்ள நைட்ரஜன் மெதுவாகத்தான் ரத்தத்தில் கரையும், அதனால் காற்றறைகள் திறந்தே இருக்கும். விமானி தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டிருந்தால், அடைபட்ட ஆக்சிஜனை ரத்தம் விரைவில் உறிஞ்சிவிடும், காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். தரையிறங்கிய விமானி ஆழமாக மூச்சிழுத்தால் இருமல் வரும், நெஞ்சு பிடிக்கும். இது ஆரோக்கியமானவருக்கே வருவது. ஏற்கெனவே குழாய் குறுகும் பழக்கமுள்ளவருக்கு இதுவும் சேர்ந்தால்? நெஞ்சு இறுகுகிறதே, காரணம் ஆக்சிஜன் கருவியா, ஜி விசையா, ஆஸ்துமாவா என்று அவரால் பிரித்தறிய முடியாது. விமானத்தில் ஆக்சிஜன் கோளாறு வந்துவிட்டதோ என்று முடிவெடுக்க வேண்டிய கணத்தில் இந்தக் குழப்பம் ஆபத்தானது.

அழுத்தமும் இருக்கிறது. 18,000 அடி உயரத்தில் வளிமண்டல அழுத்தம் தரையில் இருப்பதில் பாதி. அழுத்தம் பாதியானால் வாயுவின் கனஅளவு இரட்டிப்பாகும். பயணிகள் விமானத்தில் உள்ளறையை 8,000 அடிக்குச் சமமான அழுத்தத்திலோ அதற்குக் கீழோ வைத்திருப்பார்கள். போர் விமானத்தில் அவ்வளவு தாராளம் கிடையாது. மிக உயரே பறக்கும்போது விமானியைச் சுற்றியுள்ள அழுத்தம் 15,000 அடிக்கும் மேலான உயரத்துக்குச் சமமாக இருக்கலாம். திடீரென்று கண்ணாடி உடைந்து அழுத்தம் போய்விட்டால், நெஞ்சுக்குள் இருக்கும் காற்று ஒரே கணத்தில் விரியும். குழாய்கள் திறந்திருந்தால் அது வாய் வழியே வெளியேறிவிடும். சளியோ இறுக்கமோ அடைத்திருக்கும் இடத்தில் மாட்டிக்கொண்ட காற்று நுரையீரலையே கிழிக்கக்கூடும். 35,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் ஒருவர் தெளிவாகச் செயல்படக்கூடிய நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகமூடியில் வரும் ஆக்சிஜன் உலர்ந்தது. உலர்ந்த காற்றை வேகவேகமாகச் சுவாசிப்பது ஆஸ்துமாவைத் தூண்டும் வழிகளில் ஒன்று. அப்புறம் படைப்பிரிவுகள் போய் நிற்கும் பாலைவனத் தூசி, எரிபொருள் புகை, பனி. இவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து சாப்பிட்டுக்கொண்டே பறக்கலாமே என்றால், அங்கும் சிக்கல்தான். உடனடி நிவாரணத்துக்கான சால்பியூட்டமால் கைநடுக்கமும் படபடப்பும் தரும். மாத்திரையாகக் கொடுக்கும் மாண்டிலுகாஸ்ட்டுக்கு, மனநிலை மாற்றம், தூக்கக் குலைவு போன்ற பக்கவிளைவுகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் தன் உச்சகட்ட எச்சரிக்கையைப் போட்டது. மூச்சுவழி எடுக்கும் ஸ்டீராய்டுதான் இவற்றில் சாதுவானது. ஆனால் புதிதாகச் சேர வருபவர் தினமும் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், நோய் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுதான் குழு எடுத்துக்கொள்ளும்.

விதி என்ன சொல்கிறது

அமெரிக்காவில் படையில் சேரும் எல்லாருக்குமான அடிப்படை மருத்துவத் தரத்தில், 13-வது பிறந்தநாள்தான் எல்லைக்கோடு. அதற்குப் பிறகு ஆஸ்துமா, மூச்சுக்குழாய் மிகையுணர்வு, ஓடினால் வரும் மூச்சிறுக்கம் எது இருந்தாலும் தகுதியில்லை. விதிவிலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். 13-க்கு முன்பே முழுவதும் நின்றுவிட்டது என்றால் இந்த விதியின்படி தடை இல்லை. ஆனால் இது படையின் வாசல் மட்டும்தான். விமானி இருக்கைக்கு மருத்துவர்கள் வேறு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். ஆஸ்துமா வரலாறு உள்ளவருக்கு விதிவிலக்கு கொடுப்பதற்கு முன் நுரையீரல் செயல்திறன் சோதனையும், மூச்சுக்குழாயைச் சீண்டிப் பார்க்கும் சோதனையும் கேட்பார்கள்.

இந்தியாவில் விமானப்படைக்கான மருத்துவத் தரங்களைத் தேசிய பாதுகாப்பு அகாடமி தேர்வு அறிவிக்கையோடு சேர்த்தே வெளியிடுகிறார்கள். திரும்பத் திரும்ப ஆஸ்துமா, வீசிங் அல்லது ஒவ்வாமை மூக்கழற்சி வந்த வரலாறு இருந்தால் நிராகரிக்கக் காரணமாகும் என்பது அதிலுள்ள விதி. தேவைப்பட்டால் நுரையீரல் செயல்திறன் சோதனை செய்வோம் என்றும் சுவாசப் பகுதியில் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் 13 வயது போன்ற எல்லைக்கோடு எதுவும் இல்லை. முழு எடையும் 'திரும்பத் திரும்ப' என்பதில் விழுகிறது. இரண்டு வயதில் ஒரே ஒரு தடவை வந்ததும், பத்தாம் வகுப்புவரை ஒவ்வொரு மழைக்காலமும் வந்ததும் ஒன்றில்லை. எது எதில் அடங்கும் என்று முடிவு செய்வது பெங்களூருவிலோ டில்லியிலோ பரிசோதிக்கும் மருத்துவக் குழு. முதல் குழு தகுதியில்லை என்றால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. ஆனால் புதிய ஆதாரம் எதுவும் இல்லாமல் மேல்முறையீட்டுக்குப் போவதில் பெரிதாகப் பலன் இருக்காது.

தும்மலும் மூக்கடைப்பும் அந்தப் பட்டியலில் ஏன் வருகின்றன என்று சிலருக்குத் தோன்றும். மூக்கும் மூச்சுக்குழாயும் ஒரே பாதையின் இரண்டு முனைகள்; ஒவ்வாமை ஒன்றில் இருந்தால் மற்றதிலும் இருக்கும் வாய்ப்பு அதிகம். மூக்கடைத்த நிலையில் உயரத்திலிருந்து வேகமாக இறங்கினால் காதும் சைனஸும் படும் பாடு தனிக்கதை.

ஊதிப் பார்க்கும் அறை

மேலே சொன்ன நுரையீரல் செயல்திறன் சோதனையில் முதலில் வருவது ஸ்பைரோமெட்ரி. இதைப் பலர் சாதாரண ஊதல் என்று நினைத்துப் போய்ச் சொதப்பிவிட்டு வருகிறார்கள். மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். வாயில் ஒரு குழாயைக் கவ்வ வேண்டும், உதட்டோரம் காற்று கசியக் கூடாது. நெஞ்சு நிரம்ப இழுத்து, வெடிப்பது போல ஊத வேண்டும். ஊதி முடித்ததும் நிறுத்திவிடக் கூடாது. காற்றே இல்லை என்று தோன்றும்போதும் 'இன்னும், இன்னும்' என்று டெக்னீஷியன் விரட்டுவார். கண்ணில் நீர் வரும், முகம் சிவக்கும், தலை லேசாகச் சுற்றும். இப்படி ஒழுங்கான மூன்று ஊதல்கள் கிடைக்கும்வரை விடமாட்டார்கள். அவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிக்கு மேல் வேறுபடக் கூடாது என்பது கணக்கு. அரைமனதாக ஊதினால், நல்ல நுரையீரல்கூட நோயாளி நுரையீரல் போலத் தெரியும். முன்பின் ஊதிப் பழக்கமில்லாதவர் தேர்வு நாளில் முதல்முறையாக ஊதுவது புத்திசாலித்தனம் இல்லை.

முக்கியமான எண் ஒன்று, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பது. இளம்வயதில் ஆரோக்கியமானவர் தன் மொத்த மூச்சில் ஐந்தில் நான்கு பங்கையோ அதற்கு மேலேயோ அந்த ஒரு நொடியில் தள்ளிவிடுவார். குழாய் குறுகியிருந்தால் அந்தப் பங்கு குறையும். பிறகு சால்பியூட்டமால் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். ஒரு நொடி அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால், மருந்துக்குக் குழாய் விரிகிறது, அதாவது அதுவரை இறுகியிருந்தது என்று அர்த்தம். பலகாலம் புழங்கிய அளவுகோல் இதுதான். புதிய வழிகாட்டுதல் கணக்கிடும் முறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது.

ஆனால் நல்ல நாளில் ஆஸ்துமாக்காரரின் ஸ்பைரோமெட்ரியும் பழுதில்லாமல் வரும். அதனால்தான் சீண்டிப் பார்க்கும் சோதனை. மெத்தகோலின் என்ற பொருளை மிகக் குறைந்த அளவில் மூச்சில் கொடுப்பார்கள். அது மூச்சுக்குழாய்த் தசையை நேரடியாக இறுக்குவது. கொடுத்ததும் ஊதச் சொல்வார்கள். ஒன்றும் ஆகவில்லையா, அளவைக் கூட்டி இன்னொரு தடவை. மறுபடி ஊதல். இப்படிப் படிப்படியாக ஏற்றுவார்கள். ஆரம்பத்தில் ஒரு நொடியில் 4 லிட்டர் ஊதியவர் 3.2 லிட்டருக்கு இறங்கினால் அது 20 சதவீத வீழ்ச்சி. அங்கே சோதனையை நிறுத்தி, குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். மில்லிக்கு 16 மில்லிகிராம் செறிவு வரை போயும் 20 சதவீதம் விழவில்லை என்றால் குழாய் சாதுவானது என்று அர்த்தம். செறிவு 4 மில்லிகிராமைத் தொடும் முன்பே விழுந்தால் தொட்டாற்சுருங்கிதான். நடுவில் விழுந்தால் மழுப்பலான முடிவு, வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தச் சோதனைக்கு ஒரு குணம் உண்டு. 'இல்லை' என்று சொன்னால் பெரிதும் நம்பலாம், 'ஆம்' என்று சொன்னால் அவ்வளவு நம்ப முடியாது. மூக்கு ஒவ்வாமை மட்டும் உள்ளவர்களுக்கும், புகைபிடிப்பவர்களுக்கும், சமீபத்தில் சளிக்காய்ச்சல் வந்தவர்களுக்கும்கூட ஆஸ்துமா இல்லாமலே குழாய் சுருங்கலாம். சளிக்காய்ச்சலின் விளைவு சில வாரங்கள் நீடிக்கும். அதனால் காய்ச்சல் வந்து போன கையோடு இந்தச் சோதனைக்குப் போகாதீர்கள், தேதியைத் தள்ளிக் கேளுங்கள். பழைய வீசிங் வரலாறு உள்ள ஒருவருக்கு, சுத்தமான மெத்தகோலின் முடிவைவிடப் பலமான சான்று வேறு எதுவும் கிடையாது என்பேன். ஆனால் அதை வீட்டுப் பக்கத்தில் எங்காவது செய்துகொள்ளக் கூடாது, மூச்சுத்திணறல் வந்தால் சமாளிக்கும் வசதியுள்ள நுரையீரல் மருத்துவரிடம்தான்.

காகிதமும் மறைப்பும்

குழந்தை மருத்துவர்கள் 'ஆஸ்துமா' என்று எழுதத் தயங்குவது வழக்கம். பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்று, சளி, வீசிங், அலர்ஜி பிராங்கைட்டிஸ் என்றெல்லாம் எழுதிவிடுவார்கள். வருடங்கள் கழித்து இது இரண்டு பக்கமும் வெட்டும். சிலரிடம் ஆஸ்துமா என்று தெளிவாக எழுதிய சீட்டு இருக்கும், ஆனால் வந்ததோ வெறும் வைரஸ் வீசிங். வேறு சிலரிடம் அந்தச் சொல்லே இருக்காது, ஆனால் பதினைந்து வயதுவரை பையில் இன்ஹேலர் இருந்திருக்கும். மருத்துவக் குழு சொல்லைப் பார்த்து ஏமாறாது. என்ன மருந்து, எத்தனை தடவை, கடைசியாக எப்போது வாங்கினீர்கள் என்றுதான் போகும்.

எனவே நுரையீரல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கும்போது 'இவர் நலமாக உள்ளார்' என்ற ஒரு வரிக் கடிதம் வேண்டாம், அது குப்பைக்குச் சமம். முதல் தாக்குதல் எந்த வயதில், கடைசி எந்த வயதில், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா, ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டதா, கடைசி மருந்து எப்போது, உடற்பயிற்சியில் தொல்லை உண்டா, எந்தச் சோதனை எந்தத் தேதியில் என்ன முடிவு. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும்.

'வாயைத் திறக்காதே, இல்லை என்று போட்டுவிடு' என்று அறிவுரை சொல்ல ஆள் எப்போதும் கிடைப்பார்கள், சில பயிற்சி மையங்களே சொல்வதாகவும் கேள்வி. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நேர்மை, நியாயம் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். வெறும் கணக்காகப் பார்த்தாலும் இது மோசமான பந்தயம். அமெரிக்காவில் 2022 முதல் சேர்க்கை நிலையங்களில் வந்த மின்னணு அமைப்பு, விண்ணப்பதாரர் சொல்லாத பழைய மருந்துச் சீட்டுகளையும் இழுத்துக் காட்டுகிறது. மற்ற இடங்களிலும் மருத்துவப் பதிவுகள் கணினிக்குள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. பொய் பின்னால் தெரிந்தால் மருத்துவக் காரணம் அல்ல, பொய்த்தகவல் தந்த காரணமே வெளியேற்றப் போதும். தெரியாமலே போனாலும், மூச்சு இறுகும் நாளில் அதை யாரிடமும் சொல்ல முடியாத நிலையில் அந்தப் பிள்ளை விமானத்தில் ஏறுவான்.

இன்னொன்று இதைவிடக் கவலை தருவது. பிள்ளை விமானப்படைக்குப் போக வேண்டும், பதிவில் கறை இருக்கக் கூடாது என்று, இப்போது ஆஸ்துமா உள்ள பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் குழந்தையின் இன்ஹேலரைப் பெற்றோரே நிறுத்துவது. தினசரி மருந்து நின்றால் அழற்சி கூடும், தாக்குதல் பெரிதாக வரும். ஆஸ்துமாவில் உயிர் போவது உண்டு. லேசான ஆஸ்துமா என்று எழுதப்பட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் படிப்படியாகச் செய்ய வேண்டியது, விண்ணப்பத் தேதியைப் பார்த்துச் செய்வதல்ல.

பயிற்சி முடித்த விமானிக்கு வந்தால்

ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானிக்கு முப்பது வயதில் ஆஸ்துமா வந்தால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. லேசானது, மூச்சுவழி ஸ்டீராய்டில் கட்டுப்படுகிறது என்றால், சில நாடுகளில் விதிவிலக்கு கொடுத்துப் பறக்கவிடுகிறார்கள். சில சமயம் உடன் இன்னொரு விமானி இருக்கும் விமானங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். அவருக்கு ஒரு நியாயம், வாசலில் நிற்கும் பையனுக்கு ஒரு நியாயமா என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான். பல வருடப் பயிற்சியும் பெரும் செலவும் அவர்மேல் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, அவர் உடல் ஜி விசையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் பதிவும் இருக்கிறது. புதியவர் விஷயத்தில் இரண்டும் இல்லை. வரிசையில் பின்னால் இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள்.

விமானி வேலை கிடைக்காவிட்டால் அதே படையில் தரைப்பணிக்குப் போகலாமே என்ற யோசனை ஆஸ்துமா விஷயத்தில் எப்போதும் பலிக்காது. மேலே சொன்ன அமெரிக்க விதி எல்லாப் பிரிவுக்கும் பொதுவான வாசல் விதி. எனவே பிரிவு மாற்றிக் கேட்பதற்கு முன், அந்தத் தடை எந்த நிலையில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

பொதுவிமானத் துறையின் கதவு அகலமானது. சர்வதேசப் பொதுவிமானப் போக்குவரத்து அமைப்பின் தரம், குறிப்பிடத்தக்க தொந்தரவு தரும் அல்லது பறக்கும்போது செயலிழக்கச் செய்யக்கூடிய ஆஸ்துமாவைத்தான் தடுக்கிறது. எப்போதோ வந்ததையோ, லேசாக வந்து கட்டுக்குள் இருப்பதையோ அல்ல. அமெரிக்கப் பொதுவிமானத் துறையில் கட்டுக்குள் உள்ள லேசான ஆஸ்துமாவுக்கு, உரிய காகிதங்கள் இருந்தால் பரிசோதிக்கும் மருத்துவரே அங்கேயே சான்றிதழ் கொடுத்துவிடலாம். அங்கும் கேட்பது கடைசித் தாக்குதல் எப்போது, என்ன மருந்து, ஸ்பைரோமெட்ரி எண் என்ன என்பவற்றைத்தான். ஆகவே மேலே சொன்ன அந்தக் கடிதமும் சோதனை முடிவுகளும் வீணாகப் போகாது.